இன்று மட்டும் பேசக்கூடாது

தாழைப் போட்ட பிறகும் அவளால் தாழிலிருந்து கையை எடுக்க முடியவில்லை. குளியலறை இருட்டாக இருந்தது; விளக்கின் சுவிட்ச் வெளியே, கூடத்துப் பக்கம். கதவுக்கு அடியில் ஒரு விரல் உயரத்துக்கு வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. அந்த வெளிச்சம் வருகிற கூடத்தில், தொலைபேசி மேசைக்குப் பக்கத்தில், அவள் பேசிக்கொண்டிருந்தாள்.

அவளுடைய குரல்தான். "அம்மா" என்பதன் கடைசியை இழுத்து விடுகிற அந்த இழுப்பும், பேச்சுக்கு நடுவே மூக்கை உறிஞ்சிக்கொள்கிற பழக்கமும் அவளுடையவை. ஆனால் அவள் இங்கே இருக்கிறாள். கவிழ்த்துப்போட்ட வாளியின்மேல், வாய் நிறையப் பஞ்சோடு, இடது கன்னம் ஒரு பந்தை அதக்கிக்கொண்டது போல வீங்கி, காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசாமல்.

"வலியெல்லாம் இல்லம்மா. நல்லா தூங்கினேன். ம்... ஐஸ் வச்சுக்கிட்டேன். இல்ல, நீ அவசரப்படாத. ரோடெல்லாம் வழுக்கும், மெதுவா வா."

கூடத்தில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. மறுமுனையில் அம்மா ஏதோ சொல்கிறாள் போலிருக்கிறது.

"அப்புறம்மா. நேத்து நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. அப்பா போனதுக்கு நீ காரணம் இல்ல. ராத்திரி பூரா அதயே நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

குளியலறையில் இருந்தவள் பஞ்சை இறுக்கிக் கடித்தாள். அது அவள் சொல்ல வேண்டியது. நேற்று இரவு புரண்டு புரண்டு படுத்து, எந்த வார்த்தைக்குப் பின் எந்த வார்த்தை என்று மனதுக்குள் அடுக்கி வைத்திருந்தது. யாரிடமும் சொல்லவில்லை, எங்கும் எழுதவில்லை. ஒரு சொல் மாறாமல் அது இப்போது கூடத்திலிருந்து அம்மாவின் காதுக்குப் போய்க்கொண்டிருந்தது.

வீட்டில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். பதினாறு வயதாகிறது, காலையில் கண்ணைத் திறந்தால் வாயையும் திறந்துவிடுவாள், ராத்திரி தூக்கம் வந்து அணைத்தால்தான் உண்டு. பேச ஆள் இல்லாவிட்டால் நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி 'டொக்' என்று சொடுக்கிக்கொண்டிருப்பாள். பேர் வைத்தது அம்மா. அம்மாவுக்கு வேலையே காது. மின்சாரம் போனால் புகார் சொல்லக் கூப்பிடுகிற எண் இருக்கிறதே, அதில் மறுமுனையில் எடுப்பவர்களில் ஒருத்தி. ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு ஒரு நாளைக்கு இருநூறு பேருடைய கோபத்தைக் கேட்டுவிட்டு வருவாள். முகம் மறந்துபோகும், குரல் மறக்காது என்று அவளுக்கு ஒரு பெருமை. ஒருநாள் காய்கறிக் கடையில் பின்னால் யாரோ இருமியதைக் கேட்டு, தலையைக்கூடத் திருப்பாமல், "மீட்டர் பெட்டில பொறி வருதுன்னு சொன்னீங்களே, சரியாயிடுச்சா சார்?" என்று கேட்டாள். அந்த ஆள் கையிலிருந்த தக்காளியைக் கீழே போட்டுவிட்டார்.

அப்பா வேறு ஊருக்கு வேலைக்குப் போனவர், போன இடத்திலேயே தங்கிவிட்டார். ஆகவே வீட்டில் இருவர்தான். ஒருத்திக்குப் பேச வேண்டும், ஒருத்திக்கு அமைதி வேண்டும்.

நேற்று சாயங்காலம் அம்மா செருப்பைக் கழற்றும்போதே இவள் ஆரம்பித்துவிட்டாள். பள்ளிக்கூடத்துக் கதை. அம்மா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நின்றாள்.

"நாள் பூரா ஊரே என் காதுல கத்துது. வீட்டுக்கு வந்தா நீ. ஒரே ஒரு நாள் வாயத் திறக்காம இருடி. உனக்குப் புண்ணியமாப் போகும்."

"அதான் அப்பா போயிட்டாரு. உன்கூட யாரால பேச முடியும்?"

வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டாள். அம்மா தட்டைக் கழுவி வைத்துவிட்டு, காலைல ஒன்பது மணிக்குப் பல் டாக்டர், சீக்கிரம் தூங்கு என்று மட்டும் சொன்னாள். அவள் குரலில் கோபம் இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை.

காலையில் எல்லாம் சீக்கிரமாக நடந்தது. இடது பக்கம் கீழே, கடைசிப் பல். சாய்ந்து முளைத்துப் பக்கத்துப் பல்லை முட்டிக்கொண்டிருந்தது. ஊசி போட்டதும் உதடு தடித்து, தாடை மரத்து, முகத்தில் பாதி வேறு யாருடையதோ போல ஆனது. பல் டாக்டர் வேடிக்கையான மனிதர். "வலிக்காதும்மா. இழுக்கற மாதிரி இருக்கும், அவ்வளவுதான்," என்றார். இழுக்கத்தான் செய்தது. காதால் கேட்காமல் எலும்பால் கேட்கிற சத்தம். காய்ந்த மரக்கட்டையைத் திருகிப் பிளப்பது போன்ற ஒரு நெறுநெறுப்பு மண்டைக்குள் ஏறியது. பிறகு பல் வந்தது. அதோடுகூட, தொண்டைக்கும் கீழே எங்கிருந்தோ, துணியிலிருந்து ஒரு நூலை உருவுவது போல ஏதோ ஒன்று நீளமாக உருவிக்கொண்டு வந்தது. வலிக்கவில்லை. காலியானது போல இருந்தது. கண்ணைத் திறந்து பார்த்தாள். இடுக்கியில் பல் மட்டும்தான் இருந்தது.

"வேர் எதுவும் ஒடையல. இவ்வளவு முழுசா வர்றது அபூர்வம்," என்று நர்ஸ் அதை விளக்கில் திருப்பிப் பார்த்தாள். பல்லை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று முன்பே கேட்டிருந்ததால், கழுவி, காலி மாத்திரை டப்பா ஒன்றில் போட்டுக் கொடுத்தாள்.

இரண்டு தையல். டாக்டர் அம்மாவிடம் விதிகளைச் சொன்னார். பஞ்சை ஒரு மணி நேரம் கடித்திருக்க வேண்டும், ரத்தம் கசிந்தால் மாற்ற வேண்டும். துப்பக்கூடாது. சூடாக எதுவும் கூடாது. "முக்கியமா, இன்னிக்கு மட்டும் பேசக்கூடாது. ஓட்டைல ரத்தம் உறைஞ்சு மூடி மாதிரி நிக்கும். அது அசைஞ்சு வந்துடுச்சுன்னா எலும்பு தெரியும். அப்புறம் ராத்திரி எனக்குத்தான் போன் வரும்."

"இவ பேசாம இருக்கணுமா?" என்றாள் அம்மா. "அதுக்கு நீங்க நாக்கையில்ல பிடுங்கியிருக்கணும்."

இருவரும் சிரித்தார்கள். அவளுக்கும் சிரிப்பு வந்தது. பாதி முகம்தான் சிரித்தது.

அம்மாவுக்கு அன்று லீவு கிடைக்கவில்லை. மழைக்காலத்தில் புகார் பெருகும். பன்னிரண்டிலிருந்து ஏழுவரை வேலை. கைபேசியை அலுவலக வாசலிலேயே பூட்டி வைத்துவிட வேண்டும். இவளுக்கோ படிப்பு முடியும்வரை கைபேசி கிடையாது என்பது வீட்டுச் சட்டம். ஆகவே அம்மா ஒரு ஏற்பாடு செய்தாள். ஒவ்வொரு இடைவேளையிலும் அவள் வீட்டுத் தொலைபேசிக்குக் கூப்பிடுவாள். இவள் எடுத்து, நகத்தால் தட்டினால் போதும். ஒரு தட்டு, நன்றாக இருக்கிறேன். இரண்டு, வலிக்கிறது. மூன்று, உடனே வா.

"மூணு தட்டு கேட்டா வேலைய விட்டுட்டு ஓடி வந்துடுவேன். அதனால வெளையாட்டுக்குத் தட்டாத."

ஒரு சின்ன நோட்டையும் பென்சிலையும் கயிறு கட்டிக் கழுத்தில் மாட்டிவிட்டாள். வாசலில் யார் வந்தாலும் இவள் எழுந்து பதில் சொல்ல வேண்டாம் என்று கதவை வெளியிலிருந்து பூட்டி, சாவியை எடுத்துக்கொண்டு போனாள். போகும்முன் நோட்டில் எழுதி மன்னிப்புக் கேட்டுவிடலாமா என்று இவள் பென்சிலை எடுத்தாள். எழுதினால் பள்ளிக்கூடத்து விடுப்புக் கடிதம் போல இருந்தது. நாளைக்கு வாயால் சொல்லிக்கொள்ளலாம்.

மேல்வீட்டில் அலமாரி செய்துகொண்டிருந்தார்கள். தச்சர் காலையிலிருந்து ஆணி அடித்துக்கொண்டிருந்தார். டக், டக், டக், பிறகு ஓர் இடைவெளி, பிறகு மறுபடியும். அந்தத் தாளத்திலேயே அவள் படுக்கையறையில் தூங்கிப்போனாள். ஈரமான மதியம். ஜன்னலில் மழை வழிந்துகொண்டிருந்தது. வாயில் கிராம்பு எண்ணெயும் பழைய நாணயமும் கலந்தது போல ஒரு ருசி. தொலைபேசி மணி அடித்து எழுந்தபோது மூன்று.

எடுத்தாள். ஒரு தட்டு.

"என்னடி தட்டிக்கிட்டு இருக்க?" அம்மாவின் பின்னால் பத்துப் பெண்கள் ஒரே நேரத்தில் 'வணக்கம்' சொல்லிக்கொண்டிருந்தார்கள். "ரெண்டு மணிக்குக் கூப்பிட்டப்ப நல்லாத்தானே பேசின?"

அவள் ரிசீவரைக் காதோடு இறுக்கிக்கொண்டாள்.

"ஓ, டாக்டர் சொன்னது இப்பதான் ஞாபகம் வந்துச்சா. சரி, நான் போட்டுக் கொடுக்கமாட்டேன். ஆனா ஒண்ணு சொல்லவா, இன்னிக்குத்தான் நீ மெதுவா, அழகாப் பேசின. கேக்கவே நல்லா இருந்துச்சு. வைக்கறேன், லைன்ல இருபது பேர் நிக்கறாங்க."

இரண்டு தட்டு தட்டினாள், மூன்றாவதும் தட்டினாள். அதற்குள் அம்மா வைத்துவிட்டாள்.

தூக்கத்தில் எழுந்து வந்து பேசியிருப்போம் என்று நினைத்துக்கொண்டாள். சின்ன வயதில் ஒருமுறை தூக்கத்தில் கணக்கு வாய்ப்பாடு சொன்னதாக அம்மா சொல்லியிருக்கிறாள். அப்படித்தான் இருக்கும். கண்ணாடிக்கு முன் நின்று மெல்ல வாயைத் திறந்தாள். பஞ்சு பழுப்பாகக் காய்ந்து, பல்லோடும் ஈறோடும் ஒட்டிப்போயிருந்தது. தண்ணீரை ஊற்றி ஊறவைத்துத்தான் எடுக்க முடிந்தது. இதை வைத்துக்கொண்டு யாராலும் பேச முடியாது. இதை எடுத்துவிட்டுப் பேசி, மறுபடி இதே மாதிரி ஒட்ட வைக்கவும் முடியாது.

புதுப் பஞ்சை வைத்துக் கடித்தாள். கடித்த பிறகும் அதில் ரத்தம் படாமல் வெள்ளையாகவே இருந்ததை அப்போது அவள் கவனிக்கவில்லை.

ஐஸ் எடுக்கச் சமையலறைக்குப் போனாள். ஃப்ரிஜ்ஜின் தலையில் மாத்திரை டப்பா இருந்தது. மூடி பக்கத்தில் கிடந்தது. உள்ளே விரலை விட்டுப் பார்த்தாள். ஈரம். ஃப்ரிஜ்ஜுக்கு அடியில், அடுப்புக்குப் பின்னால், குப்பைக்கூடையில் எல்லாம் தேடினாள். ஒரு பல் எங்கே போய்விடும்? அதற்குக் காலா இருக்கிறது என்று தனக்குள் கேட்டுக்கொண்டாள். வேறு நாளாக இருந்தால் அந்த நகைச்சுவைக்கு அவளே சிரித்திருப்பாள்.

அப்போது பின்னால் கூடத்தில், 'டொக்.'

நாக்கைச் சொடுக்குகிற சத்தம். இந்த வீட்டில் அந்தச் சத்தம் அவளைத் தவிர வேறு யாரிடமிருந்தும் வந்ததில்லை. மரத்துப்போன நாக்கால் இன்று அதைச் செய்யவும் முடியாது. குழாய் சொட்டுகிறது என்று நினைக்கப் பார்த்தாள். மேலே தச்சரின் சுத்தியல் என்று நினைக்கப் பார்த்தாள். சுத்தியல் தன் பாட்டுக்கு டக், டக், டக் என்று தனியாகக் கேட்டது. அதன் இடைவெளியில், யாருக்காகவோ காத்திருந்து அலுத்துப்போன ஒருவர் மாதிரி, மறுபடியும்: டொக்.

கூடத்தில் யாரும் இல்லை. நாற்காலி, தொலைபேசி மேசை, மழைக்கோட்டு மாட்டுகிற ஆணி. நாற்காலியின் மெத்தை மட்டும், யாரோ இப்போதுதான் எழுந்துபோனது போல, மெல்ல மெல்ல மேலே வந்துகொண்டிருந்தது.

அவள் வாசல் கதவை இழுத்துப் பார்த்தாள். வெளியே பூட்டு ஆடியது. கையால் கதவைத் தட்டினாள். மேலே ஆணி அடிக்கிற சத்தத்தில் அது இன்னொரு ஆணியாகக் கலந்துபோனது. ஜன்னலுக்குக் கம்பி. கீழே சந்தில் மழையும் மூடிய கடைகளும்தான். அரை மணி நேரம் சுவரோடு ஒட்டி நின்றாள். பிறகு ஒரு மணி நேரம். ஒன்றும் நடக்கவில்லை என்பதாலேயே இன்னும் பயமாக இருந்தது. ஐந்து மணிக்கு மேலே சுத்தியல் நின்றது. தச்சர் படியிறங்கிப் போகிற சத்தம், குடை விரிகிற சத்தம். பிறகு வீடு முழுக்க ஃப்ரிஜ்ஜின் முனகல் மட்டும்.

ஐந்தரை மணி இடைவேளைக்கு அம்மா கூப்பிடுவாள். மூன்று தட்டு. முதல் மணிக்கே எடுத்துத் தட்டிவிட வேண்டும். அதற்காகவே தொலைபேசிக்குப் பக்கத்தில் நின்றாள். ஆனால் படுக்கையறையில் கட்டில் கிறீச்சிட்டது. அவள் பின்வாங்கினாள். இன்னும் ஒரு தடவை. குளியலறைப் பக்கமாக நாலு எட்டு போய்விட்டாள். அப்போதுதான் மணி அடித்தது. ஒன்று. இரண்டு. கால் நகரவில்லை. மூன்றாவது மணி பாதியிலேயே அறுந்தது.

"அம்மா," என்றது அவள் குரல்.

யார் எடுத்தது என்று பார்க்காமலே ஓடினாள். அதற்குப் பிறகுதான் குளியலறை. தாழ். வாளி.

கூடத்தில் இப்போது பேச்சு முடியப்போகிறது. "சரிம்மா. நீ வந்ததும் பேசலாம். எனக்கும் உன்கூட நிறையப் பேசணும்." தொலைபேசியை வைக்கிற சத்தம். பிறகு நடை. வெறுங்கால். அவசரமில்லாத நடை. கதவுக்கு அடியில் வந்துகொண்டிருந்த வெளிச்சத்தில் இரண்டு நிழல்கள் வந்து நின்றன.

அவள் மூச்சை அடக்கினாள். மூக்கில் மட்டும்தான் மூச்சு விட முடியும். அது விசில் மாதிரி கேட்டது.

கதவுக்கு அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சிக்கொள்ளும் சத்தம். பிறகு, மிகவும் அன்பாக:

"வலிக்குதா?"

அவள் வாளியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"பேசாத. தையல் பிரிஞ்சிடும்."

நிழல்கள் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றன. பிறகு படுக்கையறைப் பக்கம் போயின. கட்டில் அமுங்கியது. போர்வையை உதறுகிற சத்தம். அவளுடைய போர்வை. அவளுடைய தலையணை.

ஆறு மணி இருக்கும். மத்தியானமே விட்டிருக்க வேண்டிய மரப்பு அப்போதுதான் விட ஆரம்பித்தது. முதலில் உதட்டில் எறும்பு ஊர்வது போல, பிறகு தாடையில் சூடாக, பிறகு பல் இருந்த இடத்தில் இதயத்துக்கு ஒத்து அடிக்கிற ஒரு துடிப்பு. அந்த வலி அவளுக்குத் தெம்பாகக்கூட இருந்தது. வலித்தால் வாய் தன்னுடையதுதான். வாய் தன்னுடையது என்றால் பேசலாம். ரத்தம் வரட்டும், எலும்பு தெரியட்டும், தையல் போகட்டும். அம்மா சாவியைத் திருப்புகிற நேரம், ஒரே ஒரு சொல் கத்தினால் போதும்.

பஞ்சை எடுத்தாள். இருட்டில் தொட்டுப் பார்த்தாள். காய்ந்திருந்தது. குழாயைக் கொஞ்சமாகத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தின் மறைவில், மெல்லச் சொல்லிப் பார்த்தாள். அம்மா.

காற்று வந்தது.

தொண்டையைச் செருமப் பார்த்தாள். செருமல் வரவில்லை. மறுபடியும். உதடு சரியாகக் கூடியது, சரியாகப் பிரிந்தது. காற்று. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க, கத்தினாள். குழாய்த் தண்ணீர்தான் கேட்டது. அழுகைக்குக்கூடச் சத்தம் இல்லை. காலையில் நூல் மாதிரி உருவிக்கொண்டு வந்தது எது என்று அவளுக்கு அப்போது புரிந்தது. புரிந்ததை நினைக்காமலிருக்கப் பார்த்தாள்.

கழுத்தில் நோட்டு இருந்தது. கதவுக்கு அடியில் வந்த வெளிச்சத்தில் குனிந்து எழுதினாள். 'அம்மா, அது நான் இல்லை. நான் இங்கே இருக்கிறேன்.' தாளைக் கிழித்துக் கையில் மடித்து வைத்துக்கொண்டாள். எழுத்து கோணலாக இருந்தது. பரவாயில்லை. அம்மா வாசலில் செருப்பைக் கழற்றக் குனிவாள். அந்த நொடி ஓடிப்போய் அவள் கையில் திணித்துவிட்டு, வந்த கதவு வழியே இழுத்துக்கொண்டு போய்விட வேண்டும். படி. தெரு. மழை. எங்கேயாவது.

ஏழேகாலுக்குப் படியில் அம்மாவின் நடை. இடது செருப்பு கொஞ்சம் தேய்கிற நடை. குடையை உதறும் சத்தம். சாவி.

அவள் தாழை இழுத்தாள்.

தாழ் வரவில்லை.

மழைக்கு மரம் ஊறிக் கதவு இறுகியிருந்தது. வழக்கமாக ஒரு தோள் இடி இடித்து, பிறகு இழுக்க வேண்டும். இடித்தாள்.

"ரேடியோ?" என்றாள் அம்மா வாசலில். "என்னடி சத்தம்?"

"மேல்வீட்டு ஆளும்மா. காலைலேந்து ஆணி." குரல் படுக்கையறையிலிருந்து தூக்கக் கலக்கமாக வந்தது. "இங்க வாயேன். படுத்திருக்கேன்."

"வந்துட்டேன், வந்துட்டேன்."

இரண்டாவது இடி. தாழ் வந்தது. கதவு திறந்தபோது கூடத்தில் அம்மா இல்லை. தரையில் ஈரக் காலடிகள் படுக்கையறைக்குப் போயிருந்தன. ஈரமான குதிகால் ஒன்று உள்ளே மறைவதைப் பார்த்தாள்.

"கதவச் சாத்தும்மா. குளிருது."

"இரு, இந்த ஈரத் துணிய மாத்திக்கறேன்."

அம்மா உடை மாற்றும்போது எப்போதும் தாழ் போடுவாள். இப்போதும் போட்டாள்.

அவள் ஓடிப்போய்க் கதவைத் தட்டினாள். இரண்டு கையாலும்.

"தச்சன் இன்னுமா அடிக்கறான்," என்றாள் அம்மா. அலமாரி திறக்கிற சத்தம். "நாளைக்கு மேல போய் நாலு வார்த்த கேக்கணும்."

"விடும்மா. பாவம், வேலை."

அம்மா சிரித்தாள். "உனக்கு எப்படி வந்துச்சு இந்தப் பொறுமை? நீ சொன்ன பாரு போன்ல. எனக்கு அழுகையே வந்துடுச்சு. பக்கத்து சீட்ல இருக்கறவ என்னன்னு கேட்டா. என் பொண்ணு பெரிய மனுஷி ஆயிட்டான்னு சொன்னேன்."

தாளைக் கதவுக்கு அடியில் தள்ளினாள். விரலால் தள்ளி, பென்சிலால் தள்ளி, முழுக்க உள்ளே போகும்வரை.

"இது என்ன காகிதம்?"

"அதுவா. மத்தியானம் பொழுது போகாம எழுதினேன்."

"அது நான் இல்லை, நான் இங்கே..." அம்மா படித்தாள். வெளியே நின்றவள் நெற்றியைக் கதவில் வைத்துக்கொண்டாள். "கதையாடி? கையெழுத்தப் பாரு, கோழி கிளறின மாதிரி. நீ பேசு, நான் கேக்கறேன். எழுத மட்டும் செய்யாத."

இன்னும் ஒன்று இருந்தது. அவர்கள் இருவருக்கு மட்டுமே தெரிந்தது.

நகத்தால். சுத்தியல் என்று யாரும் நினைக்க முடியாதபடி, மெல்ல. ஒன்று. இரண்டு. மூன்று.

உள்ளே அம்மாவின் அசைவு நின்றது.

மறுபடியும். ஒன்று. இரண்டு. மூன்று.

"கேட்டியா?" என்றாள் அம்மா. குரல் தாழ்ந்திருந்தது. "மூணு தட்டு. கதவுகிட்ட."

காலடி ஒன்று கதவை நோக்கி வந்தது. தாழில் கை படுகிற சத்தம்.

"நான்தாம்மா," என்றது குரல். "கட்டில்ல தட்டினேன். நீ ஓடி வர்றியான்னு பாத்தேன்."

கட்டில் சட்டத்தில் நகம் பட்டது. ஒன்று. இரண்டு. மூன்று.

அம்மா மூச்சை விட்டாள். "லூசு. உயிரே போயிடுச்சு." காலடி திரும்பிப் போனது. "தள்ளிப் படு. வீக்கம் எப்படி இருக்கு? அட, வீக்கமே இல்லையே. வாயத் திற பாப்போம். இரு, லைட் அடிக்கறேன்."

கதவுக்கு அடியில் வெளிச்சம் கூடியது. கைபேசி விளக்கின் வெள்ளை வெளிச்சம்.

"பெருசா திற. ஆ... இன்னும். எந்தப் பக்கம்? இடது பக்கம்தானே."

மழை.

"என்னடி இது."

வெளியே நின்றவள் காதைக் கதவோடு ஒட்டிவைத்தாள்.

"ஓட்டை எங்க? தையல் எங்க? எல்லாப் பல்லும் இருக்கே." அம்மா எண்ண ஆரம்பித்தாள், முணுமுணுப்பாக, விரலால் தொட்டுத் தொட்டு. பாதியில் நிறுத்தினாள். "ஒண்ணுகூடக் குறையலையே."

உள்ளே படுத்திருந்தவளுக்கு வாய் திறந்தபடியே இருக்கிறது போல.

வெளியே இருந்தவளின் நாக்கு தானாகவே இடது பக்கம் போயிற்று, காலையிலிருந்து நூறு தடவை போன இடத்துக்கு, அந்த ஓட்டையைத் தொட்டுப் பார்க்க. ஓட்டை அகப்படவில்லை. முன்னால் தடவினாள். வழுவழுப்பாக இருந்தது. இன்னும் முன்னால். மேலே. வலது பக்கம். ஈறு. ஈறு மட்டும். நாக்கு ஒரு முழுச் சுற்று சுற்றி வந்தது, ஒரு பல்லிலும் இடறாமல்.

உள்ளே அம்மாவின் காலடி ஒன்று பின்வாங்கியது. கதவின் தாழ் எங்கே இருக்கிறது என்று தேடுகிறவளின் குரல்.

"அப்ப காலைல நான் யாரக் கூட்டிட்டுப் போனேன்?"